கிரேடர் பிளேடு தானே லெவல் பிடிக்க: சாட்டிலைட் மெஷின் கன்ட்ரோல், புதிதாக வருபவர்களுக்கு

சாலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சர்வேயருக்கும் சைட் இன்ஜினியருக்கும் இதை எழுதுகிறேன். கிரேடரில் (பிளேடால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தும் வண்டியில்) ஜி.பி.எஸ். மாட்டியாகிவிட்டது, இனிமேல் பெக் (உயரம் குறித்த முளை) அடிக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் சரி. பெக் குறையும், லெவல் வேலை குறையாது. ஒரு பெக்கில் தப்பு நடந்தால் அந்த இருபது மீட்டரோடு போகும், அடுத்த பெக்கைப் பார்த்ததும் ஆபரேட்டரே "தம்பி, இது இடிக்குதே" என்று நிறுத்திவிடுவார். மெஷினுக்குத் தப்பான உயரத்தைக் கொடுத்தால் அது ஒரு கிலோமீட்டரையும் அதே தப்போடு வழவழவென்று வெட்டி முடித்துவிடும். பார்க்கிற கண்ணுக்கு அருமையான ரோடாகத்தான் இருக்கும்.

ஆழம் தானாகப் பிடிக்கிற வேலையில் முக்கால்வாசி, பிளேடு மண்ணைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த அடுக்குக்கு இது போதும்

மொபைலில் இருக்கும் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். நாம் பயன்படுத்துவது ஆர்.டி.கே. முறை. இடம் தெரிந்த ஒரு புள்ளியில் பேஸ் ரிசீவர் நிற்கும். அது தன் அளவீடுகளை ரேடியோ வழியாகவோ இன்டர்நெட் வழியாகவோ மெஷினுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு ரிசீவருக்கும் பொதுவான பிழைகள் கழிந்துபோகும். ஜி.பி.எஸ். எல்1 அலையின் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ. அந்த அலையில் எத்தனை முழுச் சுற்று, அதற்கு மேல் எவ்வளவு பின்னம் என்று மெஷின் கணக்கிடுவதால்தான் மீட்டர் பிழை சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை உறுதியானால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும், உறுதியாகாவிட்டால் 'ஃப்ளோட்'. ஃப்ளோட்டில் பிளேடை ஆட்டோவில் விடவே கூடாது.

நல்ல நிலையில் கிடைமட்டப் பிழை 8 மி.மீ. அளவிலும் உயரப் பிழை 15 மி.மீ. அளவிலும் இருக்கும். பேஸிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்னொரு மில்லிமீட்டர் சேரும். உயரம் எப்போதும் கிடைமட்டத்தைவிட மோசமாகத்தான் வரும், ஏனென்றால் சாட்டிலைட் எல்லாமே தலைக்கு மேலே இருக்கின்றன. தரைக்குக் கீழே ஒன்றாவது இருந்தால்தான் உயரம் இருபக்கமும் இறுகும்.

இதை மத்திய சாலை அமைச்சகத்தின் ஸ்பெசிஃபிகேஷனோடு வைத்துப் பாருங்கள். சப்கிரேடு (சாலைக்கு அடியில் இறுக்கிய மண்) மேல்மட்டத்துக்கு +20, −25 மி.மீ. வரை விடுகிறார்கள். ஜி.எஸ்.பி.க்கு (அதன் மேல் போடும் ஜல்லி அடுக்குக்கு) +10, −20. மெஷினால் போடும் தார் மேலடுக்குக்கு ±6. சப்கிரேடுக்கு சாட்டிலைட் தாராளமாகப் போதும். ஜி.எஸ்.பி.யை கவனமாகச் செய்தால் பிடித்துவிடலாம். வெட்மிக்ஸ் (ஜி.எஸ்.பி.க்கு மேலே ஈரத்தோடு போடும் ஜல்லிக் கலவை) மேல்மட்டத்துக்கும் தார் பேவருக்கும் (தார் விரிக்கும் மெஷினுக்கும்) சாட்டிலைட்டை மட்டும் நம்பாதீர்கள். அங்கே மெஷினைப் பின்தொடரும் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷனோ, சாட்டிலைட்டோடு லேசரையும் சேர்த்த முறையோ, ஓரத்தில் கட்டிய கம்பியைத் தொட்டு உயரம் பிடிக்கும் பழைய சென்சாரோதான் வேண்டும்.

இதற்குச் செலவு செய்வது ஏன் என்று கேட்டால் ஒரு கணக்கு சொல்வேன். பத்து மீட்டர் அகலச் சாலையில் ஜி.எஸ்.பி. ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் போனால் கிலோமீட்டருக்கு 100 கனமீட்டர் ஜல்லி அதிகம். ஆறேழு டிப்பர் லோடு. அனுமதித்த அளவைத் தாண்டிக் குறைந்தாலோ அந்த அடுக்கைக் கிளறித் திரும்பப் போட வேண்டும். லக்னோ–கான்பூர் எக்ஸ்பிரஸ்வேயின் 63 கி.மீ. பணியில் ஜி.பி.எஸ். கிரேடர், இன்டெலிஜென்ட் ரோலர், கம்பியில்லாப் பேவர் மூன்றையும் அமைச்சகமே சோதனை முறையில் இறக்கியது. நம் பக்கத்து டெண்டர்களிலும் இதைக் கேட்கும் காலம் தூரத்தில் இல்லை, இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

பேஸ் வைக்கும் இடம்

டிரைபாடில் தினமும் பேஸ் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் புதிதாகக் கொட்டிய எம்பேங்க்மென்ட் (மண்மேடு) ஓரத்தில் டிரைபாடை நிறுத்தி வேலை பார்த்தோம். இரவு மழை பெய்து ஒரு கால் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. குமிழியைச் சரிசெய்து, பழைய ஆன்டெனா உயரத்தையே போட்டு ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் 400 மீட்டர் சப்கிரேடு தாழ்வாக வெட்டப்பட்டுவிட்டது. திரையில் அன்று முழுக்கப் பச்சை விளக்குதான் எரிந்தது.

கான்கிரீட் தூண் ஒன்று கட்டுங்கள். தரைக்குக் கீழே ஒரு மீட்டராவது இறங்கட்டும், தலையில் ஆன்டெனா திருகும் போல்ட்டைப் பதித்துவிடுங்கள். ஆன்டெனா உயரம் அதன்பின் மாறவே மாறாது. கேம்ப் ஆபீஸ் மொட்டை மாடியும் பரவாயில்லை, கட்டடம் பழையதாக, அசையாததாக இருந்தால். சுற்றிலும் அடிவானத்திலிருந்து 10, 15 டிகிரிக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் தகரக் கூரை இருந்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பி வந்து உயரத்தைக் கெடுக்கும். ஹெச்.டி. லைன் (உயர் அழுத்த மின்கம்பி), மொபைல் டவர், புளியமரம் மூன்றிலிருந்தும் விலகியிருங்கள்.

வேலை நடக்கும் இடம் பேஸிலிருந்து 3 கி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 30 கி.மீ. நீளமுள்ள பேக்கேஜ் என்றால் ஒரே பேஸை வைத்துக்கொண்டு ஓட்டாமல் ஐந்து தூண்களை முதலிலேயே கட்டிவிடுங்கள். ரேடியோவில் கரெக்‌ஷன் அனுப்புவதாக இருந்தால் அலைவரிசை உரிமத்தை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். சிம் கார்டு வழி என்றால் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (எப்போதும் இயங்கும் பேஸ் ரிசீவர்) நிலையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ரோவர் (கையில் கொண்டுபோய் அளக்கும் ரிசீவர்) வேலைக்கு அவை நல்ல வசதி. பிளேடை ஓட்டும்போது மட்டும் சொந்த பேஸ் பக்கத்தில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

உயரம் எங்கிருந்து வருகிறது: சைட் கேலிப்ரேஷன்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் ரிசீவரை வைத்தால் அது நீங்கள் கடல் மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். ரிசீவர் பழுதில்லை. சாட்டிலைட் உயரம் அளப்பது பூமிக்குப் பொருத்திய ஒரு கணித முட்டை வடிவத்திலிருந்து. நம் பெஞ்ச் மார்க்கில் (உயரம் தெரிந்த குறியில்) இருப்பதோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதால் கடல் மட்டமே அந்த முட்டை வடிவத்துக்கு 106 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. கடல் மட்டத்தில் விழுந்த இந்த வகைப் பள்ளங்களில் உலகத்திலேயே ஆழமானது அதுதான், அதன் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது.

வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் ஒரு எண்ணைக் கழித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தெற்கே போகப்போக அது மாறுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் சரிந்தாலே ஒரு கி.மீ. தள்ளி ஜி.எஸ்.பி. டாலரன்ஸ் முடிந்துவிட்டது. அதனால் உங்கள் சைட்டில் உயரம் தெரிந்த புள்ளிகளை ரிசீவரால் அளந்து, இந்த அளவு வந்தால் இந்த ஆர்.எல். (கடல் மட்டத்திலிருந்து உயரம்) என்று பொருத்தம் செய்ய வேண்டும். அதுதான் கேலிப்ரேஷன். சிலர் லோக்கலைசேஷன் என்பார்கள்.

கிடைமட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை ஊடறுத்துப் போகிறது. அதற்குக் கிழக்கே யு.டி.எம். (வரைபடத்துக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்த முறை) மண்டலம் 44, மேற்கே 43. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் என்.ஹெச். 44 விருதுநகரை எட்டுவதற்குள் மண்டலம் மாறிவிடும். மேலும் மண்டல ஓரத்தில் கிரிட் (வரைபடத்தில் கணக்கிடும்) தூரம் தரைத் தூரத்தைவிடக் கிலோமீட்டருக்கு 90 செ.மீ. வரை கூடும். டிசைன் எந்த மண்டலத்தில், கிரிட் அளவிலா தரை அளவிலா என்று டிசைன் கன்சல்டன்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி செய்முறை. சாலையின் இருபுறமும் மாறிமாறி, 300 முதல் 500 மீட்டருக்கு ஒன்றாகக் கன்ட்ரோல் புள்ளி பதியுங்கள். எல்லாப் புள்ளியையும் ஒரே ஓரத்தில் வரிசையாகப் போடாதீர்கள். இரண்டு செங்கல்லை ஒரே கோட்டில் வைத்து மேலே பலகை போட்டால் பலகை பக்கவாட்டில் ஆடுமே, அதே போல சாஃப்ட்வேர் பொருத்தும் தளமும் அந்தக் கோட்டைச் சுற்றிச் சாய்ந்துவிடும். கேம்பரே (சாலையின் குறுக்குச் சரிவே) மாறிப்போகும்.

புள்ளிகளுக்கு உயரம் கொடுப்பது ஆட்டோ லெவல் அல்லது டிஜிட்டல் லெவலின் வேலை. போய், திரும்பி வந்து முடிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மறுபடி ஓட்டுவேன், பேச்சே கிடையாது. பிறகு ரிசீவரை இருகாலியோடு ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி மூன்று நிமிடமாவது அளங்கள். ஒரு மணி நேரமாவது கழித்து, சாட்டிலைட்டுகள் இடம் மாறிய பின், மறுபடி அளங்கள். இரண்டின் சராசரியைக் கேலிப்ரேஷனில் போடுங்கள். மிச்சப் பிழை உயரத்தில் 15 மி.மீ.க்குள், கிடைமட்டத்தில் 20 மி.மீ.க்குள் வர வேண்டும். ஒரு புள்ளி மட்டும் 40 மி.மீ. காட்டினால் உடனே நீக்கிவிடாதீர்கள். நடந்து போய் அந்தக் கல்லைப் பாருங்கள். டிப்பர் இடித்துச் சாய்ந்திருக்கும், அல்லது எண்ணை மாற்றி எழுதியிருப்போம். காரணம் தெரிந்த பிறகு நீக்கலாம்.

இரண்டு மூன்று புள்ளிகளைக் கேலிப்ரேஷனில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சோதிக்க அவைதான் சாட்சி.

டிசைன் ஃபைல்

மெஷினுக்கு வேண்டியது முக்கோணங்களால் ஆன ஒரு பரப்பும் சென்டர்லைனும். லேண்ட்எக்ஸ்எம்எல் ஃபைலைப் பெரும்பாலான பிராண்டுகளின் சாஃப்ட்வேர் ஏற்கும். கன்சல்டன்ட் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு தருவார். நேர்ச்சாலைக்கு அது போதும், செங்குத்து வளைவில் போதாது. ஆரம் 4000 மீட்டர் உள்ள வளைவில் 20 மீட்டருக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் நடுவில் 12.5 மி.மீ. தப்பும். 5 மீட்டருக்கு ஒன்றாக மாற்றினால் ஒரு மி.மீ. கூட வராது. சூப்பர் எலிவேஷன் (வளைவில் வெளி ஓரத்தை உயர்த்துவது) மாறும் இடங்களிலும் 5 மீட்டர்தான்.

அடுத்து அடுக்குக் கணக்கு. ஜி.எஸ்.பி. 200, வெட்மிக்ஸ் 250, டி.பி.எம். 100, பி.சி. 40 (கடைசி இரண்டும் தார் அடுக்குகள்) என்றால் மொத்தம் 590 மி.மீ. முடிவு மட்டத்திலிருந்து 590 இறக்கினால் சப்கிரேடு என்று மெஷினில் ஆஃப்செட் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நடுவில் அது சரி. ஓரத்தில் 1:2 சரிவு இருந்தால் சப்கிரேடு ஒவ்வொரு பக்கமும் 1.18 மீட்டர் அகலம் கூடும், அந்த அகலத்துக்கு மேல்பரப்பில் டிசைனே இல்லை. பிளேடு அங்கே போனதும் ஆட்டோ விட்டுவிடும். எனவே ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் பரப்பு செய்து, பெயரிலேயே அடுக்கையும் செயினேஜையும் (சாலையின் தொடக்கத்திலிருந்து தூரம்) தேதியையும் எழுதுங்கள். திருத்தப்பட்ட டிராயிங் வந்த நாளில் பழைய ஃபைலை மெஷினிலிருந்தே அழித்துவிடுங்கள். கேபினில் இரண்டு ஃபைல் இருந்தால் இருட்டோடு வேலைக்கு வரும் ஆபரேட்டர் தப்பானதைத்தான் தொடுவார்.

பிளேடின் விளிம்பை அளப்பது

டிரிம்பிள், டாப்கான், லைக்கா என்று எந்த சிஸ்டமானாலும் கிரேடரில் அடிப்படை ஒன்றே. பிளேடின் இரு முனையிலும் கம்பம் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா இருக்கும், அல்லது கம்பம் இல்லாத புதிய வகையில் ஆன்டெனா வண்டிமேல் இருந்து சாய்வு சென்சார்கள் பிளேடு வரை கணக்கைக் கடத்தும். பிளேடு சுழலும் வட்டத்திலும் ஒரு சென்சார் இருக்கும். ஆன்டெனாவுக்கு இடம் தெரியும், மண்ணை வெட்டும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அளந்து சொல்வது நீங்கள்.

சமமான கான்கிரீட் தளத்தில் பிளேடை மெல்ல இறக்கி நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள், சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒட்டிய காய்ந்த மண்ணைச் சுரண்டித் துடையுங்கள். கம்பத்தின் அடியிலிருந்து விளிம்பு வரை ஸ்டீல் டேப் பிடித்து இடது, வலது இரண்டையும் எழுதுங்கள். விளிம்பு தேயத் தேய அந்த அளவு குறையும். 15 மி.மீ. தேய்ந்தும் பழைய அளவே மெஷினில் இருந்தால், விளிம்பு இருப்பதைவிட 15 மி.மீ. கீழே இருப்பதாக அது நம்பும், தரை 15 மி.மீ. மேடாக நிற்கும். செம்மண் இழுக்கும் பிளேடும் கருங்கல் ஜல்லி இழுக்கும் பிளேடும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஜல்லி வேலை நாட்களில் தினமும் காலையில் அளந்துவிடுங்கள், விளிம்பு மாற்றிய அன்று கட்டாயம். கம்பம் ஆடுகிறதா, பின் (இணைப்பு ஆணி) துவாரம் பெருத்திருக்கிறதா என்று கையால் அசைத்தும் பாருங்கள். பிளேடைத் தாங்கும் பால் ஜாயின்ட் லூசாக இருந்தால் எந்தச் சென்சாராலும் அதை ஈடுகட்ட முடியாது. முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எக்ஸ்கவேட்டரில் பூம், ஸ்டிக், பக்கெட் மூன்றிலும் சென்சார், பின்பக்கம் இரண்டு ஆன்டெனா. அங்கே தேய்வது பக்கெட் பல். மற்றபடி விதி ஒன்றுதான்.

பிறகு வால்வு கேலிப்ரேஷன், அதாவது வால்வு எவ்வளவு திறந்தால் பிளேடு எவ்வளவு நகரும் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது. ஹைட்ராலிக் ஆயில் நன்றாகச் சூடான பிறகே செய்ய வேண்டும். குளிர்ந்த ஆயிலில் செய்த கேலிப்ரேஷன் பத்து மணி வெயிலில் பிளேடைத் துள்ள வைக்கும். கேலிப்ரேஷன் நடக்கும்போது பிளேடு தானாக ஏறி இறங்கும், சுற்றி ஒருவரும் நிற்கக் கூடாது.

ஆட்டோவில் விடுவது

தினமும் முதல் வேலை: தனியே வைத்திருந்த சாட்சிப் புள்ளியில் பிளேடு முனையை மெல்லத் தொட வைத்து, திரையில் காட்டும் உயரத்தைப் பாருங்கள். 20 மி.மீ.க்கு மேல் போனால் ஓட்டாதீர்கள். பேஸ், ஃபைல், விளிம்பு என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

மொத்தமாக வெட்டும் கட்டத்தில் ஆபரேட்டர் திரையைப் பார்த்துக் கையால் ஓட்டட்டும். முப்பது சென்டிமீட்டர் மேடு மிச்சமிருக்கும்போது ஆட்டோ போட்டால் பிளேடு ஒரேயடியாக இறங்கும், மண் குவிந்து டயர் சுழலும். 10 செ.மீ. மேடு மட்டும் மிஞ்சும்போது, +50 மி.மீ. ஆஃப்செட் கொடுத்து ஆட்டோவில் ஒரு பாஸ் (ஒரு ஓட்டம்), பிறகு பூஜ்யத்தில் ஒரு பாஸ். கடைசி பாஸில் மணிக்கு 4, 5 கி.மீ. வேகம் போதும். 5 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. நொடிக்குப் பத்து முறை இடம் கணக்கிடும் ரிசீவரில் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 14 செ.மீ. போய்விடும். வேகம் கூடினால் ரோட்டில் அலை தெரியும்.

நிரப்பும் அடுக்கில் ரோலர் அழுத்தியபின் எவ்வளவு இறங்கும் என்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் புத்தகத்தில் தேடாமல், அதே ஜல்லி, அதே ஈரம், அதே ரோலரோடு 50 மீட்டர் டிரையல் போட்டுப் பாருங்கள். 250 விரித்து 200 ஆக இறங்கினால் முதல் பாஸின் ஆஃப்செட் +50. குவாரி மாறினால் டிரையலும் மறுபடி.

அனுபவமுள்ள ஆபரேட்டரிடம் இதைத் திணிக்காதீர்கள். இருபது வருடம் கையால் லெவல் பிடித்த ஒருவர் என்னிடம், "திரையைப் பார்த்தா மண்ணைப் பார்க்க முடியலை தம்பி" என்றார். நியாயமான பேச்சு. ஒரு வாரம் பிளேடின் வலது முனையை மட்டும் ஆட்டோவில் விட்டு இடதை அவர் கையிலேயே கொடுத்தோம். எட்டாம் நாள் அவரே இரண்டையும் போட்டார். மண் எப்போது பிளேடைத் தூக்கும், எப்போது ஈரம் போதவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாலத்துக்கு அடியிலோ மரநிழலிலோ ஃபிக்ஸ் போய்விட்டால் கையால் எடுத்துக்கொள்ளும் திறமையும் அவரிடம்தான் இருக்கிறது.

சோதிப்பது, நிறுத்துவது

முடிந்த பரப்பை அதே பேஸ், அதே கேலிப்ரேஷனில் உள்ள ரோவரால் மட்டும் சோதித்தால் தப்பு தப்பையே சரி என்று சொல்லும். 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டில் இடது, நடு, வலது என்று ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் வைத்து எடுங்கள். பில்லுக்கும் அந்த அளவுதான் செல்லும். வித்தியாசம் முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் அது சாட்டிலைட்டின் இயல்பு. எல்லாமே ஒரே பக்கம் 12 மி.மீ. தள்ளியிருந்தால் விளிம்பு அளவிலோ பேஸிலோ கோளாறு. ஒரு ஓரம் மட்டும் போகப்போகக் கூடினால் கேலிப்ரேஷன் தளம் சாய்ந்திருக்கிறது.

கடைசியாக, இரவு ஷிஃப்ட். காந்த நிலநடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டித்தான் போகிறது. சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாக மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், மேல்வானத்தின் அயனமண்டலத்தில் குமிழிகள் போல வெற்றிடங்கள் எழும். அவற்றின் வழியாக வரும் சாட்டிலைட் சிக்னல் துடித்து அறுந்துபோகும். திருநெல்வேலிப் பக்கம் ஏழரை மணிக்கு மேல் ஃபிக்ஸும் ஃப்ளோட்டும் மாறிமாறி வந்தால் ரேடியோவைக் கழற்றி மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வானம் அமைதியாக நள்ளிரவு தாண்டலாம். அந்த மாதங்களில் கடைசி பாஸை மாலை ஐந்துக்குள் முடிக்கும்படி டிப்பர் வரிசையைத் திட்டமிடுங்கள். இரவுக்கு ஜல்லி இறக்குவதும் கையால் பரப்புவதும் இருக்கட்டும். ஆட்டோவை அணைத்து, பிளேடைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அன்றைய விளிம்பு அளவையும் சாட்சிப் புள்ளி அளவையும் கேபின் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காலையில் வரும் சர்வேயர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.